வெறுங்கையோடு படி ஏறாதவர்

என் அறையில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் பலகாரம் போட்டு வைக்கும் ஒரு எவர்சில்வர் சம்படம் நான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது இல்லை. அதன் மூடியில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் படித்துவிட்டு, "எம்பேர போட்டிருக்கியே, எதுக்குப் போட்டன்னு காரணம் எழுதினியா?" என்று கேட்பார். கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆகவே அவர் என்றே எழுதுகிறேன்.

ஆபீசில் முதுகுக்குப் பின்னால் அவரை மாடிப்படி என்பார்கள். முகத்துக்கு நேரே அண்ணே. இரண்டும் அவருக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக் காலத்து மாடிவீடு ஒன்றில் எங்கள் கம்பெனி இருந்தது. பிரான்சில் ஒரு பெரிய மருந்துக் கிடங்குக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எது என்றைக்குக் காலாவதி ஆகும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். திரையில் தெரிவதெல்லாம் மேல்மாடியில் எழுதப்பட்டது. உள்ளே நடக்கும் வேலையெல்லாம் கீழே எழுதப்பட்டது. மேலே தலைமை ஒரு மதாம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. மதாம் கோபம் வந்தால் பிரெஞ்சிலும், ரொம்பக் கோபம் வந்தால் தமிழிலும் திட்டுவார். கீழே தலைமை ஒரு சார். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் திட்ட மாட்டார், பெருமூச்சு விடுவார். மதாமும் சாரும் ஒருவரோடு ஒருவர் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதில் ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். ஒரு புரோகிராமில் யார் கை வைத்தாலும், யார், எப்போது, என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் விழும். பழையது எதுவும் அழியாது. போன மாதம் இருந்தபடியே வேண்டும் என்றால் எடுத்துக் கொடுக்கும். ஒருவர் ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தால் அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கும்வரை இன்னொருவர் தொட முடியாது. அருமையான ஏற்பாடு. எங்களிடம் இந்த அருமையான ஏற்பாடு இரண்டு இருந்தது. கீழே இருந்தது மெஷினோடு கூட வந்தது. மேலே இருந்தது பிரான்சிலிருந்து அனுப்பி வைத்தது. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. ஒன்றின் பூட்டை இன்னொன்று மதிக்காது. அதாவது, மதாமும் சாரும் போல.

நடுவில் அவர். பதினெட்டு வருஷம் நொத்தேர் என்கிற பிரெஞ்சு நோட்டரி ஆபீசில் பத்திரம் எழுதியவர். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினால் ஓரத்தில் ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஏறியிருந்தது. பிரெஞ்சும் தமிழும் சரளம், டைப் அடிக்கத் தெரியும். புரோகிராம் ஒரு வரியும் தெரியாது. தேவையும் இல்லை. கீழே புதிதாக ஒரு மாற்றம் வந்தால் அதை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி மேலே வைப்பார். மேலே புதிதாக வந்தால் கீழே. கொண்டுபோய் வைக்கும்போது ஃபைலின் தலையில் எங்கிருந்து பெற்றேன், ஏன் பெற்றேன் என்று ஒரு வரி எழுதுவார். ஒரு நீளமான நோட்டில் "மேல் 12, கீழ் 17" என்று இரண்டு எண்களையும் ஜோடி சேர்த்து வைப்பார். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மரப்படியில் ஏறிக்கொண்டிருப்பார், அல்லது இறங்கிக்கொண்டிருப்பார்.

அவர் வெறுங்கையோடு படி ஏறியும் பார்த்ததில்லை. இடது கையில் ஃபிளாப்பி இருந்தால் வலது கையில் ஒரு வாழைப்பழம், இரண்டு பட்டாணிப் பொட்டலம், மதாமுக்கு வந்த கடிதம், ஏதாவது ஒன்று. "ஒருத்தர் ஊட்டுக்குப் போறப்ப வெறுங்கைய வீசினு போவலாமா?" என்பார். இரண்டு மாடியும் அவருக்கு இரண்டு வீடு.

நான் சேர்ந்த முதல் வாரம் மேலிருந்து இறங்கி வந்தார். கையில் ஃபிளாப்பி, இரண்டு கொய்யாக்காய்.

"சார், மதாம் கேக்கச் சொன்னாங்க. உங்களுக்குக் கண்ணு தெரியுதா, தெரியலியான்னு."

சார் நிமிர்ந்தார். "இன்னாது?"

"கண்ணு. மொதல்ல மூளை இருக்கான்னுதான் கேட்டாங்க. அப்புறம் வேணாம், கண்ணுன்னு மாத்திக்கோன்னாங்க. காரணம், மூளைன்னா நீங்க கோச்சிப்பீங்களாம்."

"மாத்தினாங்கல்ல? அப்ப மூளைய எதுக்குய்யா எங்கிட்ட வந்து சொல்ற?"

"பழசையும் சொல்லணும்ல சார். இந்தாங்க கொய்யா. மதாம் ஊட்டு மரத்துது."

சார் பெருமூச்சு விட்டார். கொய்யாவைக் கடித்தார். பிறகு, "போய்ச் சொல்லு. கண்ணு நல்லாத்தான் இருக்குது, மேலதான் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு" என்றார். அவர் அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டு, மிச்சம் இருந்த கொய்யாவை நறுக்கி மிளகாய்த்தூள் உப்புத் தூவி ஒரு காகிதத்தில் வைத்து மேலே எடுத்துப் போனார். மேலே முதலில் பிரெஞ்சில் சத்தம் கேட்டது. அப்புறம் தமிழில் நிறையச் சத்தம் கேட்டது.

பெரிய மார்க்கெட்டிலும் இப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மீன் வாங்கப் போய் மாட்டிக்கொண்டேன். "நேத்து வஞ்சிரம் ஒரு வெல சொன்ன, இன்னிக்கி ஒரு வெல சொல்ற. மாத்து, வேணான்னு சொல்லல. எதுக்கு மாத்தின, அத்த மட்டும் சொல்லு" என்றார். மீன்காரம்மா கத்தியை நிறுத்தாமல், "கடலாண்ட போய்க் கேளு சாமி. அதுகிட்ட நோட்டு இருக்கும்" என்றார். இவர் அதையும் யோசித்துப் பார்த்ததுபோல நின்றார்.

சம்படத்துக்கு வருகிறேன். அவர் வீடு வைத்திக்குப்பம் போகும் வழியில் இருந்தது. அடுத்த வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காதான் கதையைச் சொன்னார்.

"நா கல்யாணமாகி வந்த வருசம் தீவாளிக்கு இந்த சம்படத்துல அதிரசம் போட்டு அடுத்த ஊட்டுக்குக் குடுத்தேன் தம்பி. வெறும் சம்படத்தத் திருப்பித் தருவாங்களா? கிறிஸ்மஸ் கலகலா போட்டுக் குடுத்தாங்க. நம்ம ஊட்டுல வேற சம்படமா இல்ல? இருக்குது. ஆனா இதுல வந்தா இதுலதான போவணும்? பொங்கல் போட்டுக் குடுத்தேன். ஈஸ்டருக்கு கேக்கு வந்துச்சு. பதினாலு வருசம் ஆவுது, நிக்கல."

"நிறுத்திடலாமே அக்கா?"

"பாத்துட்டேன். ஒரு தடவ போதும்னு ஒரு பிடி சக்கரைய மட்டும் போட்டுக் குடுத்தேன். மறுநாளே எறா வறுவல் வருது. எறாவுக்கு நா இன்னாத்தப் போட்டுக் குடுக்கறது, நீயே சொல்லு. மூணு நாளு தூக்கம் இல்ல."

"அவங்களும் அங்க அதேதான் சொல்றாங்க" என்றார் அவர், ரசம் சாதத்தைப் பிசைந்தபடி. "போன வாரம் அந்தம்மா எங்கிட்ட அழுதுச்சு. யாராவது ஒருத்தர் வெறும் சம்படத்தக் குடுத்தா முடிஞ்சிடும். யாரு குடுக்கறது?"

அக்கா அவரை முறைத்தார். "நீங்க குடுங்க."

"நானா?" சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. அந்த யோசனையே அவருக்கு அசிங்கமாகப் பட்டது என்று முகத்தில் தெரிந்தது.

அந்த டிசம்பரில் முதலாளி எல்லோரையும் படிக்கட்டின் கீழே நிற்க வைத்துப் பேசினார்.

"திங்கக்கெழம பிரான்ஸ்லேர்ந்து மருந்துக் கெடங்கு முசே வராரு. அன்னிக்கி மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லாம ஒண்ணா இருக்கணும். இல்லன்னு அவரு மூஞ்ச சுளிச்சாருன்னா, கீழ்மாடிய மூடிட்டு எல்லாத்தையும் மேலயே வெச்சுக்குவேன். ரெண்டு ஏற்பாடு, ரெண்டு பூட்டு, நடுவுல ஏறி எறங்க ஒரு ஆளு, எனக்கு இதெல்லாம் எதுக்கு?"

ஏறி இறங்கும் ஆள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

நான் கீழ்மாடி. சேர்ந்து ஐந்து மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதல். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவனும் நான்தான் முதல். அப்பா மில்லில் நின்றுகொண்டே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "நாற்காலி சுத்துமாடா?" என்பதுதான். சுற்றும் என்றேன். தெருவில் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டார். கீழ்மாடியை மூடினால் நான் அப்பாவிடம் நாற்காலியைப் பற்றி என்ன சொல்வேன் என்பதுதான் எனக்கு அந்த வாரம் முழுக்க இருந்த பயம்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். மாதத்தின் கடைசி நாளில் காலாவதியாகும் மருந்தை எங்கள் புரோகிராம் இன்னும் ஒரு மாதத்துக்கு நல்ல மருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி. திருத்தினேன். காரணம் எழுதினேன். அண்ணனிடம் கொடுத்தேன். அதே ஃபைலில் மதாமுக்கும் ஒரு திருத்தம் பாக்கி இருந்தது. என்னுடையது மேலே போய்ச் சேர்ந்ததும் மதாம் தொடங்க வேண்டும். மற்ற ஃபைல் எதையும் யாரும் தொடக் கூடாது என்று முதலாளி உத்தரவு.

அந்த உத்தரவுதான் வினை. மற்ற நாட்களில் மேலும் கீழும் புதிது புதிதாக ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அவர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு திரும்புவார். அன்றைக்கு இரண்டு மாடியிலும் வேறு மாற்றமே கிடையாது. என் ஒரு வரியை மேலே வைத்தார். கையில் ஃபிளாப்பி இருக்கிறது. வெறும் ஃபிளாப்பியோடு எப்படி இறங்குவது? மேலே இருப்பதிலேயே புதியது எது என்று பார்த்தார். பத்து நிமிஷம் முன்னால் அவரே வைத்ததுதான் புதியது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே வைத்து, ஃபைலின் தலையில் "மேலிருந்து பெற்றேன்" என்று ஒரு வரி எழுதினார். ஒரு வரி கூடியதால் கம்ப்யூட்டர் அதைப் புது மாற்றம் என்று எண் போட்டது. கீழே புதிதாக வந்ததை மேலே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனார். "கீழிருந்து பெற்றேன்." இறங்கினார். "மேலிருந்து பெற்றேன்."

அவர் படியில் இருப்பது எங்களுக்கு மின்விசிறி சுற்றுவது மாதிரி. யாரும் கவனிக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோதுதான் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். மேலே மதாம், "இன்னும் அந்த ஃபைல் இவரு பேர்லதான் பூட்டிக் கெடக்குது!" என்று கத்துவது கேட்டது.

நாலு மணிக்கு அவரைப் படியிலேயே மறித்தேன்.

"அண்ணே, காலையிலேர்ந்து இன்னா தூக்கினு ஏறுறீங்க?"

"உன்னுதுதாம்பா." மூச்சு வாங்கியது. "ரொம்பப் பெரிய மாத்தமா பண்ணிட்டிருக்கியே. ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி, இன்னும் முடிய மாட்டேங்குது."

"ஒரு வரிண்ணே."

"இன்னாது?"

"நா மாத்தினது ஒரே ஒரு வரி."

படியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். காலையில் "மேல் 19, கீழ் 27" என்று இருந்தது. இப்போது "மேல் 38, கீழ் 46". விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. "அப்ப பத்தொம்போது வாட்டி நா..." என்று தொடங்கினார்.

மேலே கைப்பிடிச் சுவரில் மதாம் எட்டிப் பார்த்தார். கீழே கதவருகில் சார் வந்து நின்றார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே சமயத்தில், ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"அந்த ஃபைல விடுய்யா!"

அவருக்குக் காதில் விழவில்லை. பக்கத்தில், படியில், அவருடைய சாப்பாடு தொடாமல் இருந்தது. அன்றைக்கு அக்கா அந்தச் சம்படத்தில்தான் புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்பா, இந்த சம்படம் அடுத்த ஊட்லேர்ந்து எங்க ஊட்டுக்கு வருதே. சம்படமே அவங்க குடுத்த சீர்னு நாங்க நெனைக்கறோமா?"

"இல்லண்ணே. உங்க சம்படம்தான?"

"எப்பிடித் தெரியுது?"

"பேரு வெட்டியிருக்குது."

"அதான்!" எழுந்துவிட்டார். "இதுல நானு பேரு வெட்டல. எது எந்த ஊட்டுதுன்னு தெரியாம, நம்ம சம்படத்தையே நமக்குச் சீரா எடுத்துனு வந்துட்டிருக்கேன்!"

அன்று மாலை முதல் ஒவ்வொரு மாற்றத்தின் தலையிலும் இன்னொரு வரி சேர்ந்தது: பிறந்தது கீழே, அல்லது பிறந்தது மேலே. கீழே பிறந்தது கீழேயே திரும்பி வந்தால் அதை வைக்கக் கூடாது, வாசலிலேயே திருப்பிவிட வேண்டும். "ஃபிளாப்பி வெறுமையா எறங்குமேண்ணே, பரவால்லியா?" என்று கேட்டேன். ஃபிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபிளாப்பி வெறுமையா வரலாம். கை வெறுமையா வரக் கூடாது" என்று சொல்லி, சாருக்கு மேலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்து வந்தார்.

மதாம் தன் திருத்தத்தை முடித்தார். அது ஒரே தடவை கீழே வந்து நின்றது. சனிக்கிழமை மதியம் இரண்டு மாடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்தொன்பது? பழையது எதுவும் அழியாத ஏற்பாடு அல்லவா, இரண்டு மாடியிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒரே ஃபைல், ஒரே நாள், பத்தொன்பது மாற்றம்.

"அழிக்க வழி இருக்குது" என்றார் சார், மெதுவாக.

"அழி" என்றார் முதலாளி.

அவர் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஓரத்துல காரணம் எழுதி வெக்கறேன் முதலாளி. அழிக்க மாட்டேன். நொத்தேர் ஆபீஸ்ல ஒரு நாளும் அழிச்சதில்ல. என்ன வேணா வேலைய விட்டு அனுப்புங்க. அனுப்பினா அதுக்கும் காரணம் எழுதிக் குடுங்க."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கழுத்தைப் பிடிக்கவும் தோன்றியது. என் நாற்காலியும் அதில்தானே இருந்தது?

திங்கட்கிழமை முசே வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு மட்டும் வெயிலில் சிவந்திருந்தது. மேலே எல்லாவற்றையும் பார்த்தார், கீழே எல்லாவற்றையும் பார்த்தார், தலையை ஆட்டினார். கடைசியில் மாற்றங்களின் பட்டியலை அச்சடித்து வாங்கினார். வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது. பிரெஞ்சில் ஏதோ கேட்டார். முதலாளி சட்டென்று சிரித்து நீளமாகப் பதில் சொன்னார். மதாம் என் காதருகில், "எங்க பிள்ளைங்க அவ்ளோ கடுமையா உழைக்கறாங்கன்னு சொல்றாரு" என்றார். முசே புருவத்தை உயர்த்தினார். அதோடு முடிந்திருக்கும்.

"பார்தோன், முசே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர்தான். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் சம்படம்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கை மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது, கீழே வந்தது. பத்தொன்பது தடவையும் காட்டினார். நடுவில் "அதிரசம்" என்று கேட்டது. "எறா" என்று கேட்டது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "பதினாலு வருசத்தையும் சொல்றாரு, பாவி. எறா வந்த அன்னிக்கி பொண்டாட்டி தூங்கலன்னு சொல்றாரு."

முசே சிரிக்கவில்லை. மூடியில் இருந்த புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். இவர் மூடியைத் திறந்தார். உள்ளே ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டிலிருந்து வந்த கலகலா. முசே ஒன்று தின்றார். இன்னொன்று தின்றார். மதாமிடம் ஏதோ கேட்டார். "மொத மாத்தத்த யாரு பண்ணதுன்னு கேக்கறாரு" என்று மதாம் என்னை முன்னால் தள்ளினார். முசே என் கையைக் குலுக்கினார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை.

"முடிவு எழுதி அனுப்பறேன்னுட்டாரு" என்றார் முதலாளி, கார் போன பிறகு. "பொங்கலுக்குள்ள வரலன்னா கீழ்மாடிய மூடிடறேன். கதை சொன்னியேய்யா, கதை!"

"முழுசாத்தான் சொன்னேன் முதலாளி."

"சம்படம் எங்க?" என்று நான் கேட்டேன்.

"கலகலாவோட முசே கையில குடுத்துட்டேன். புடிச்சித் தின்னாரு. காகிதத்துல கொட்டியா குடுக்கறது?"

அடுத்த நான்கு வாரத்தில் ஒரு கடிதமும் வரவில்லை. நான் தினமும் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். அப்பா, "நாற்காலி எப்பிடிடா இருக்கு?" என்பார். சுற்றுகிறது என்பேன். அண்ணன் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் ஏறி இறங்கினார்.

"எப்பிடிண்ணே உங்களுக்கு பயமே இல்ல?"

"சம்படம் அவருகிட்ட இருக்குதில்ல? வெறுமையா அனுப்ப மாட்டாரு."

"அவரு பிரெஞ்சுக்காரருண்ணே. அவங்க ஊர்ல அந்த வழக்கமெல்லாம் கெடையாது."

"கதைய முழுசா சொல்லிட்டேனேப்பா. இனிமே அவருக்கும் உண்டு."

இதற்கிடையில் அவர் வீட்டில் ஓர் அதிசயம். சம்படம் ஊரில் இல்லாததால் அடுத்த வீட்டோடு போக்குவரத்து நின்றது. அக்கா முதலில் பதினாலு வருஷச் சம்படத்தை வெள்ளைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே என்று கத்தினார். இரண்டாம் வாரம் அமைதியானார். மூன்றாம் வாரம் நன்றாகத் தூங்கினார். இரண்டு வீட்டுப் பெண்களும் கை வீசிக்கொண்டு சேர்ந்து கோயில் வாசல் வரைக்கும் சர்ச் வாசல் வரைக்கும் நடந்து போனார்களாம்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் பார்சல் வந்தது. பிரான்சு முத்திரை. முதலாளி பிரித்தார். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் சம்படம். மூடியைத் திறந்தார். பளபளக்கும் காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றிய இனிப்பு, மேலே மடித்த கடிதம். மதாம் படித்தார். படித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தமிழில் சொன்னார்:

"ரெண்டு மாடியும் இருக்கட்டுமாம். எங்க பிறந்ததுன்னு போடற அந்த வரி, அவங்க ஊர் ஆபீசுக்கும் வேணுமாம். அங்கயும் இதே கூத்து நடக்குதாம், ஆனா யாரும் காரணம் சொன்னதில்லியாம். நடுவுல இருக்கற ஆள மாத்த வேணாமாம்." கடிதத்தைத் திருப்பினார். "கடைசில ஒரு வரி. வெறுமையா அனுப்பக் கூடாதுன்னு கேள்விப்பட்டேன்."

சார் கைதட்டினார். மதாம் அவரைப் பார்த்து, "கண்ணு தெரியுதா இப்ப?" என்றார். நேராக அவரிடமே சொன்னார். நடுவில் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான் ஓடிப்போய் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று சுற்றினேன். அதை அப்பாவிடமும் சொன்னேன்.

அண்ணன் மட்டும் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். முகம் இருண்டிருந்தது.

"இன்னாண்ணே? எல்லாம் நல்லபடியாதான ஆச்சு?"

"ஆச்சு" என்றார். "இப்ப நாம பிரான்சுக்கு இன்னாத்தப் போட்டு அனுப்பறது?"

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மெட்ராசில் வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் அக்காவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கையில், இத்தனை நாளும் மறுபடி அடுத்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த அதே சம்படம், உள்ளே அக்கா செய்த முறுக்கு. "திருப்பிக் குடுத்துரு" என்றார். பஸ் நகர்ந்தபோது பின்னாலிருந்து அக்கா, "மெதுவாக் குடு தம்பி, ஒண்ணும் அவசரமில்ல!" என்று கத்தினார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான்கு வருஷமாக இதில் எதைப் போடுவது என்று யோசித்தேன். கடையில் வாங்கியது எதுவும் ஒப்பவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. எழுதத்தான் கொஞ்சம் தெரியும், அதுவும் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும். ஆகவே இந்தத் தாள்களை மடித்து உள்ளே வைக்கிறேன். வெறும் காகிதம் அனுப்பினான் என்று அக்கா பேசக் கூடாது என்பதற்காக அம்மா சுட்ட ஆறு அதிரசமும் மேலே இருக்கிறது.

மூடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். பிறந்தது: கீழே. காரணம்: வெறுமையாக அனுப்ப மனசு வரவில்லை.